'பராமெடிக்கல் டிப்ளோமா' முடித்தால் வேலை செய்ய அனுமதி கிடைக்குமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களும் சித்தி. ஆனால் பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி போதவில்லை. டவுனில் ஒரு நிறுவனம் ஒரு வருட 'பராமெடிக்கல் டிப்ளோமா' நடத்துகிறதாம். "அரசாங்கத்தில் பதிவு செய்த கோர்ஸ். முடித்தால் ஆஸ்பத்திரியில் வேலை, 1990 அம்புலன்ஸில் வேலை, வெளிநாடும் போகலாம்" என்றார்களாம். கட்டணம் இரண்டரை இலட்சம். கணவர் ஓய்வு பெற்று ஈ.பி.எஃப் காசு கைக்கு வந்திருக்கிறது. கட்டலாமா என்பது கேள்வி.

தங்கச்சி, இப்போதைக்குக் கட்ட வேண்டாம். அந்த நிறுவனம் ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை, அவர்களை எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் சொன்ன அந்த ஒரு வசனத்துக்குள் பல விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அதைப் பிரித்துப் பார்க்காமல், ஒரு மனிதர் வெயிலிலும் மழையிலும் நின்று சேர்த்த காசைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது.

நான் மருந்தாளராக மலையகத்து ஆஸ்பத்திரிகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன். என் அப்பா தோட்டத்து டிஸ்பென்சர். சட்டப்படி பதிவு பெற்று வேலை செய்வது எப்படி என்று எனக்குத் தெரியும். பதிவு என்ற ஒன்றே இல்லாமல் ஒரு தோட்டத்துக்கே மருந்து கொடுத்தவரின் வீட்டில் வளர்ந்ததால் அந்த வாழ்க்கையும் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

சான்றிதழ் என்பது, இவர் எங்களிடம் இதைப் படித்தார் என்று படிப்பித்தவர் எழுதிக் கொடுக்கும் தாள். பதிவு வேறு. இவர் நோயாளியின் உடம்பில் கை வைக்கலாம், பிழை செய்தால் நாங்கள் விசாரிப்போம், தேவைப்பட்டால் பெயரை வெட்டுவோம் என்று சட்டப்படி அமைந்த ஒரு சபை பொறுப்பேற்பதுதான் பதிவு. தாளை யாரும் அச்சடிக்கலாம். பதிவைத் தரக்கூடிய இடங்கள் நம் நாட்டில் விரல் விட்டு எண்ணக்கூடியவை.

அதில் பெரியது இலங்கை மருத்துவ சபை. 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது இயங்குகிறது. டொக்டர்மார் மட்டும்தான் அங்கே பதிவார்கள் என்று நம் ஆட்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. பல் மருத்துவர், உதவி மருத்துவர், மருந்தாளர், மருத்துவமாது, ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், எக்ஸ்ரே எடுக்கும் கதிர்ப்படவியலாளர், இயன்மருத்துவர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் அங்கே தனித்தனிப் பதிவேடு இருக்கிறது. தாதியருக்கு மட்டும் 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தாதியர் சபை வேறாக உண்டு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தப் பட்டியலில் 'பராமெடிக்கல்' என்று ஒரு தொழில் கிடையாது. நம் ஊர்ப் பேச்சில் அது ஒரு குடை மாதிரியான சொல். இரத்தம் சோதிக்கிறவரும் பராமெடிக்கல்தான், எக்ஸ்ரே எடுக்கிறவரும் பராமெடிக்கல்தான், மருந்து கொடுக்கிறவரும் பராமெடிக்கல்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் பராமெடிக்கல் வேலைநிறுத்தம் என்று செய்தியில் வந்தால் இவர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். ஆகவே உங்கள் மகள் 'பராமெடிக்கல் டிப்ளோமா' என்ற தாளுடன் சபைக்குப் போனால், முதல் கேள்வியே "எந்தத் தொழில்?" என்றுதான் வரும். அதற்கு அந்தத் தாளில் பதில் இருக்காது. ஒரே வருடத்தில் கொஞ்சம் ஆய்வுகூடம், கொஞ்சம் மருந்து, கொஞ்சம் முதலுதவி என்று எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் படிப்பு, எந்தப் பதிவேட்டின் வாசலிலும் கொண்டுபோய் விடுவதில்லை.

"அரசாங்கத்தில் பதிவு செய்த கோர்ஸ்" என்றார்களே, அதையும் பார்ப்போம். ஒரு நிறுவனம் 2007ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டப்படி பதிந்திருக்கலாம். அது பலசரக்குக் கடைக்கும் பொருந்தும் பதிவு. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பயிற்சி நிலையமாகப் பதிந்திருக்கலாம். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழிற்பயிற்சி நடத்துகிற எவரும் அங்கே பதியத்தான் வேண்டும். ஆனால் அது நிலையத்துக்கான பதிவு, அங்கே நடக்கும் எல்லாக் கோர்ஸுக்குமான முத்திரை அல்ல. கோர்ஸைத் தனியாகப் பரிசோதித்துத் தரச்சான்று கொடுத்தால்தான் என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமை வரும். அந்த என்.வி.கியூவும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மருத்துவ சபை அந்தப் படிப்பை ஏற்றுப் பெயரைப் பதியுமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. நிறுவனத்துக்காரர் முதல் படியில் நின்றுகொண்டு "அரசாங்கப் பதிவு" என்று சொன்னாலும் அது பொய்யாகாது. கேட்கிற நாம்தான் நாலாவது படியை நினைத்துக்கொள்கிறோம்.

இதையெல்லாம் சட்டம் தெரிந்தவன் பேசும் நுணுக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

பல வருடத்துக்கு முன்பு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு டவுனில், ஒரு தனியார் கிளினிக்கில் வேறு ஒரு வேலையாகப் போய் உட்கார்ந்திருந்தேன். மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த மூன்று பெண்களைக் குளவி கொட்டி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். டொக்டர் இல்லை, வெளியே போயிருந்தார். வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பிள்ளை மட்டும் நின்றாள். மூவருக்கும் அலர்ஜிக்குப் போடும் பிரிட்டோன் ஊசியைப் போட்டு வாங்கில் உட்கார வைத்தாள். இருவருக்குப் பெரிய பிரச்சினை இல்லை. மூன்றாமவருக்கு உதடு தடித்து, குரல் மாறி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. உடம்பெல்லாம் வியர்த்து, கண் செருகியது. அந்தப் பிள்ளை இரண்டாவது தடவையும் பிரிட்டோனை எடுக்கிறாள்.

குளவி கொட்டி ஒருவருக்கு மூச்சும் இரத்த அழுத்தமும் விழுந்தால், முதல் மருந்து அட்ரினலின். வளர்ந்தவருக்கு, ஒரு மில்லிலீட்டரில் ஒரு மில்லிகிராம் உள்ள குப்பியிலிருந்து அரை மில்லிலீட்டர், தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஐந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. பிரிட்டோன் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அவ்வளவுதான். அடைக்கிற தொண்டையை அது திறக்காது, விழுகிற இரத்த அழுத்தத்தைத் தூக்காது. அதே அட்ரினலினை அளவு தெரியாமல் நேராக இரத்தக் குழாயில் ஏற்றினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி ஆளே போய்விடலாம். ஒரே குப்பிதான். எங்கே, எவ்வளவு, எப்போது என்று தெரிந்தவர் கையில் அது உயிர். தெரியாதவர் கையில் எமன்.

டொக்டருக்குப் போன் போட்டோம், கிடைக்கவில்லை. வந்த லொறியிலேயே திரும்ப ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நானும் கூடப் போனேன். அங்கே வெளிநோயாளர் பிரிவில் வைத்தே அட்ரினலின் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். நான் அந்தக் கிளினிக்குக்குத் திரும்பி வந்தபோது அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். "எங்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை சேர். எட்டு மாசக் கோர்ஸ்தான்" என்றாள். அவளுடைய அம்மாவும் கொழுந்து பறிக்கிறவர்தானாம். அவளும் காசு கட்டித்தான் படித்திருக்கிறாள்.

எனக்கு அவள் மேல் இன்றுவரை கோபம் வரவில்லை. அன்றைக்கு அந்தப் பெண் இறந்திருந்தால், சட்டத்தின் முன்னால் நின்றிருக்க வேண்டியவள் இந்தப் பிள்ளைதான். பதிவு இல்லாமல் மருத்துவம் பார்ப்பது மருத்துவக் கட்டளைச் சட்டப்படி குற்றம். சான்றிதழ் கொடுத்தவர்கள் "நாங்கள் ஊசி போடச் சொல்லவில்லையே" என்று ஒதுங்கியிருப்பார்கள். வேலை கொடுத்தவர் "நான் இல்லாதபோது அவளாகச் செய்தாள்" என்றிருப்பார். பதிவு நோயாளியைக் காப்பதற்காக மட்டும் உள்ளது என்று நினைக்காதீர்கள், அது வேலை செய்கிறவருக்கும் காப்பு. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று எழுத்தில் எல்லை போட்டிருந்தால், எல்லைக்குள் நின்று செய்தவரை யாரும் தனியாக விட்டுவிட முடியாது. உங்கள் மகளை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

என் அப்பாவுக்கும் அந்தக் காப்பு இருந்ததில்லை. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவை பற்றி வெள்ளைக்காரன் காலத்திலேயே, கோப்பிக் காலத்தில் 1872இலும் அப்புறம் 1912இலும் சட்டம் வந்தது. மருந்தும் டிஸ்பென்சரியும் தோட்டத்தின் பொறுப்பாக அமைந்தன. அதனால் அந்த டிஸ்பென்சரியில் நிற்கிறவர் பதில் சொல்ல வேண்டிய இடமும் துரையின் ஆபிஸ்தான், எந்த மருத்துவ சபையும் அல்ல. அப்பா தொழில் படித்தது இன்னொரு தோட்டத்துப் பெரிய டிஸ்பென்சரின் பக்கத்தில் நின்று. காய்ச்சல் மிக்சர் கலக்க, புண் கழுவ, பிள்ளைப்பேற்றுக்குக் கூட நிற்க, எல்லாம் கைப்பழக்கம். லயத்துச் சனம் 'டொக்டர் ஐயா' என்றுதான் கூப்பிட்டது. கைராசிக்காரர் என்று பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் வருவார்கள். ஆனால் ஒரு குழந்தை கையில் இறந்த இரவில், தான் செய்தது சரியா பிழையா என்று கேட்க அவருக்கு ஆள் இல்லை. சொல்லித் தரவும் ஆள் இல்லை, விசாரிக்கவும் ஆள் இல்லை. விடியும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

நம் பிள்ளைகள் ஏன் இத்தனை காலம் முறையான பயிற்சிக்குள் போகவில்லை என்பதற்குக் காரணமும் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஆட்களைப் பெரும்பாலும் நாடற்றவர்களாக்கியது. அரசாங்கப் பயிற்சிக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்க முதல் தகுதியே இலங்கைப் பிரஜையாக இருப்பது. தாதிப் பயிற்சியோ மருத்துவமாது பயிற்சியோ, விண்ணப்பப் படிவத்தின் முதல் வரியிலேயே நம் பிள்ளை நின்றுவிடும். மிச்சமிருந்தவர்களுக்கும் முழுமையாகப் பிரஜாவுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானப் பிரிவு வந்ததும் பிந்தித்தான். இப்படி நேர்வழி அடைபட்டுக் கிடந்த இடத்தில்தான் 'ஒரு வருட டிப்ளோமா' கடைகள் முளைக்கின்றன. வழி இப்போது திறந்திருக்கிறது, தங்கச்சி. அது நம் வீடுகளுக்குச் சரியாகத் தெரியவில்லை என்பதுதான் என் கவலை.

அடுத்து, 1990 என்ற இலக்கத்துக்குப் போன் போட்டால் வருகிற அம்புலன்ஸ். அந்தச் சுவசெரிய சேவை 2016 ஜூலையில் இந்திய அரசின் நன்கொடையில், மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் தொடங்கியது. 2018ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அது ஒரு மன்றமானது. பிறகு மற்ற மாகாணங்களுக்கும் விரிந்து 297 வண்டிகள் வரை வந்தது. கூப்பிடக் காசில்லை, ஏற்றிப் போகவும் காசில்லை. ஒவ்வொரு வண்டியிலும் சாரதியும், அவசர மருத்துவத் தொழில்நுட்பவியலாளர் ஒருவரும் இருப்பார்கள். தொடக்கத்தில் ஆட்களை ஹைதராபாத்துக்கு அனுப்பிப் பயிற்றுவித்தார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது இது: அங்கே ஆளைத் தெரிந்தெடுத்துத் தாங்களே பயிற்சி கொடுக்கிறார்கள். டவுனில் வாங்கிய பராமெடிக்கல் தாளைக் காட்டி நேராக வண்டியில் ஏற முடியாது. தகுதியும் வயதும் அவர்களுடைய விளம்பரத்தில் இருக்கும். விளம்பரம் வந்தால் உங்கள் மகள் அந்த டிப்ளோமா இல்லாமலே விண்ணப்பிக்கலாமா என்று முதலில் பாருங்கள்.

இந்த இடத்தில் எனக்கு அரசாங்கத்திடம் ஒரு கோரிக்கை உண்டு. தாதியருக்குச் சபை இருக்கிறது, எனக்குப் பதிவேடு இருந்தது. அம்புலன்ஸில் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து வருகிற அந்தப் பிள்ளைக்குத் தாதியருக்கு இருப்பதுபோல் தனக்கென்று ஒரு சபை இல்லை. 2018 சட்டம் சேவையை நடத்தும் மன்றத்தை உண்டாக்கியது. வண்டியில் இருக்கிறவரின் தொழிலுக்கும் அதே அளவு கவனம் வேண்டும். இங்கிலாந்தில் பராமெடிக் என்பது சட்டம் காக்கும் பெயர். பதிவேட்டில் இல்லாதவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டால் குற்றம். அவுஸ்திரேலியாவில் 2018 டிசம்பரிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே பதிவு. நமக்கு வண்டி கொடுத்த இந்தியாவே 2021இல் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று தேசிய ஆணைக்குழுச் சட்டம் கொண்டுவந்து, அவசர மருத்துவத் தொழில்நுட்பவியலாளரையும் அதில் சேர்த்திருக்கிறது. வண்டியை ஏற்றுக்கொண்ட நாம் அந்த யோசனையையும் ஏற்றுக்கொள்ளலாம்.

கொழும்பில் இருக்கிறவருக்கு இது அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியாது. அங்கே வண்டி ஏறினால் ஆஸ்பத்திரி கிட்ட. அக்கரப்பத்தனையின் மேல் டிவிஷனிலிருந்தோ பொகவந்தலாவையின் கடைசித் தோட்டத்திலிருந்தோ ஒருவரைக் கொண்டுவருவதை யோசித்துப் பாருங்கள். முதலில் கம்பளியில் கட்டித் தூக்கி, லயத்திலிருந்து வண்டி வரக்கூடிய ரோட்டுவரை. அப்புறம் வளைவு வளைவாக டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ. அங்கிருந்தும் தேவைப்பட்டால் கண்டிக்கு. அந்த நேரம் முழுவதும் நோயாளிக்கு இருக்கிற ஒரே மருத்துவ ஆள் அந்த அம்புலன்ஸ் பிள்ளைதான். அவருக்கு எந்த மருந்தைக் கொடுக்க அனுமதி, எத்தனை மணித்தியாலம் பயிற்சி, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மறுபரீட்சை என்பதெல்லாம் இங்கே உயிர் சம்பந்தப்பட்ட கேள்விகள். தூரம் கூடக் கூட, நடுவில் இருப்பவரின் தகுதி முக்கியமாகிறது. மலையகத்து எம்பிமார் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டிய விஷயம் இது என்பது என் எண்ணம். அவர் தமிழ் பேசக்கூடியவரா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நெஞ்சு எப்படி வலிக்கிறது என்று ஒரு பாட்டியிடம் அவருக்கு விளங்குகிற பாஷையில் கேட்காமல் என்ன முதலுதவி?

வெளிநாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளைகுடா நாடுகளில் சுகாதார வேலைக்கு அந்தந்த நாட்டு அனுமதி வேண்டும். அதற்கு உங்கள் படிப்பையும் சொந்த நாட்டுப் பதிவையும் மூலத்திலேயே விசாரித்துச் சரிபார்ப்பார்கள். இங்கே பதிவில்லாத தாள் அங்கேயும் நிற்காது. அந்தத் தாளோடு போகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பராமரிப்பு வேலையில்தான் போய் நிற்கிறார்கள். அது மரியாதையான வேலைதான். ஆனால் அதற்கென்றே குறைந்த செலவில் பராமரிப்பாளர் என்.வி.கியூ பயிற்சி இருக்கும்போது இரண்டரை இலட்சம் எதற்கு?

சரி, இப்போது என்ன செய்வது? நிறுவனத்துக்குப் போய் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கொடுங்கள்: "இந்தக் கோர்ஸை முடித்த ஒருவர் எந்தச் சபையின் எந்தப் பதிவேட்டில், எந்தத் தொழிலின் பெயரில் பதியலாம்?" பதிலையும் அவர்களுடைய கடிதத்தாளில், கையெழுத்துடன் கேளுங்கள். வாயால் சொன்னதை எழுத்தில் தரத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. எழுதித் தந்தால் அதை வைத்துக்கொண்டு மேலே போகலாம். வார்ட் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மணித்தியாலம், அங்கே யார் மேற்பார்வை செய்து கையெழுத்து வைப்பார் என்றும் விசாரியுங்கள். நோயாளியைத் தொடாமல், வகுப்பறையில் ரப்பர் பொம்மையோடு மட்டும் முடிகிற எந்தப் படிப்பும் உங்கள் மகளை வார்டுக்குத் தயார் செய்யாது.

அடுத்தது நம் சனம் அதிகம் பயன்படுத்தாத ஒரு வழி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். ஒரு வெள்ளைத்தாளில், தமிழிலேயே, மருத்துவ சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதலாம்: இன்ன நிறுவனத்தின் இன்ன கோர்ஸ் உங்கள் எந்தப் பதிவேட்டுக்காவது ஏற்றுக்கொள்ளப்பட்டதா? விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். அதே மாதிரி ஒரு கடிதம் தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கும் போடுங்கள், கோர்ஸுக்குத் தரச்சான்று உண்டா என்று கேட்டு. சபையின் இணையத்தளத்தில் பதிவு பெற்றவர்களின் பெயரைத் தேடிப் பார்க்கவும் முடியும். நிறுவனத்தில் "எங்கள் மாணவி இப்போது இந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார்" என்று யாரையாவது காட்டினால், அந்தப் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று மகளைத் தேடச் சொல்லுங்கள்.

மகளுக்கு வேறு வழி இருக்கிறதா என்பதுதான் உங்கள் மனதில் உள்ள உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. இருக்கிறது.

உயிரியலில் மூன்று பாடமும் சித்தி என்றால், முதலில் பார்க்க வேண்டியது தாதிப் பயிற்சி. மூன்று வருடம், பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு உண்டு, முடிவில் தாதியர் சபைப் பதிவு. கண்டியிலும் பதுளையிலும் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. அடுத்தது சுகாதார அமைச்சு துணை மருத்துவத் தொழில்களுக்குப் பயிலுநரைச் சேர்க்கும் அறிவித்தல்: மருந்தாளர், ஆய்வுகூடம், கதிர்ப்படம், இயன்மருத்துவம் எல்லாம் அதில் வரும். இவை வர்த்தமானியில்தான் அறிவிக்கப்படும். வர்த்தமானி வெள்ளிக்கிழமை வெளிவரும், தமிழிலும் இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம். அறிவித்தல் ஒவ்வொரு வருடமும் வரும் என்று சொல்ல முடியாது, வந்தால் விண்ணப்பிக்கக் கொஞ்ச நாள்தான் இருக்கும். நம் பிள்ளைகள் தவறவிடுவது இங்கேதான். தகுதி இல்லாமல் அல்ல, அறிவித்தல் முடிந்த பிறகு கேள்விப்படுவதால்.

மருத்துவமாது பயிற்சியைத் தாழ்வாக நினைக்காதீர்கள். 18 மாதம், மருத்துவ சபைப் பதிவு, நிரந்தர அரசாங்க வேலை. தோட்டத்தில் ஒரு கர்ப்பிணித் தாயிடம் அவளுடைய தமிழில் பேசக்கூடிய மருத்துவமாது ஒருவர் இருந்தால் எத்தனை விஷயம் சரியாகும் என்பதை வார்டில் நின்று பார்த்தவன் நான். என்னிடம் யாராவது மலையகத்துக்கு ஒரே ஒரு பயிற்சி நிலையம் கட்டித் தருகிறேன் என்றால், தமிழில் மருத்துவமாது பயிற்சிக்குத்தான் கேட்பேன்.

இன்னொரு தடவை உயர்தரம் எழுதும் வாய்ப்பு மகளுக்கு இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். மூன்று தடவை எழுதலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாதியம், மருந்தாக்கவியல், ஆய்வுகூடம், கதிர்ப்படம், இயன்மருத்துவம் ஐந்துக்கும் பட்டப்படிப்பு இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. மருத்துவபீடத்துக்கு எட்டாத புள்ளி இந்தப் படிப்புகளுக்கு எட்டலாம். விண்ணப்பத்தில் மருத்துவத்தையும் விவசாயத்தையும் எழுதிவிட்டு இவற்றை எழுதாமல் விட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் போன தடவை என்ன எழுதினாள் என்று கேளுங்கள். காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், திறந்த பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கவியலும் ஆய்வுகூட விஞ்ஞானமும் இருக்கின்றன, கண்டியில் அதற்குப் பிராந்திய நிலையமும் உண்டு. அந்த இரண்டரை இலட்சம் அங்கே தொடக்கமாவது ஆகும், கையில் வருவதும் பட்டம்.

கணவரிடம் சொல்லுங்கள், காசை மூன்று மாதத்துக்குத் தேசிய சேமிப்பு வங்கியில் போட்டு வைக்கட்டும். "இந்த வாரத்துக்குள் கட்டினால் கழிவு" என்று நிறுவனம் அவசரப்படுத்தலாம். இடம் தரமான இடமென்றால் மூன்று மாதம் கழித்தும் இருக்கும். கடிதங்களை மகளே தன் கையால் எழுதட்டும், பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைக்கட்டும். பதில் வந்ததும் அதை அப்படியே எழுதி அனுப்புங்கள். அரசாங்கக் கடிதத் தமிழ் சில நேரம் நமக்கே விளங்காது, நான் பார்த்துச் சொல்கிறேன்.